ஏரிக்கன்னி கேட்ட ஆள்

சாமிக்குக் கண் வைக்கிறவன் கடைசிப் புள்ளியை வைத்த கணமே தலையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எதிரில் கண்ணாடி காட்ட வேண்டும், அப்புறம் கன்றுக்குட்டி, அதற்கும் அப்புறம்தான் மனுஷன். திறந்த கண் முதலில் எதைப் பார்க்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். நான் நம்பினேனோ இல்லையோ, பெருநகர் பக்கம் நாலு அம்மன் கோயில் சுதை பொம்மைகளுக்குக் கண் வைத்ததில் என் கழுத்துக்கு அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. புள்ளி விழும், கழுத்து இடப்பக்கம் சாயும். அதற்கு என் உத்தரவு தேவையில்லை.

என் பெயர் முத்துகிருஷ்ணன். உத்திரமேரூரில், சாலவாக்கம் போகிற ரோட்டில், வீட்டுக்கு முன்னால் ஓலைக் கொட்டகை போட்டு போர்டு எழுதுகிறேன். கடைப் பெயர், சுவர் விளம்பரம், மாட்டு வண்டி நம்பர், எலெக்ஷன் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னமும். எழுத்து கோணினால் எனக்குக் கோபம் வரும். கோணல் என்று அடுத்தவன் சொன்னால் இன்னும் அதிகமாக வரும். மனைவி அம்முலு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அதை ஊரே தினம் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்ததால் நான் தனியாக நினைத்து வருத்தப்பட வேண்டியிருக்கவில்லை.

பச்சமுத்து என் கூட்டாளி. ஏரி மதகு லஸ்கர். மதகுப் பலகையை ஏற்றி இறக்குவதும், ஏரியில் தண்ணீர் எத்தனை அடி என்று தினம் காலையில் நோட்டில் எழுதுவதும் அவன் வேலை. நோட்டில் எழுதினால்தான் ஒன்று நடந்ததாகவே அவனுக்கு நம்பிக்கை வரும். இரண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி நின்றபோது, அவன் பெண்சாதி தேவகி தூக்குச் சட்டியில் பகல் சோறு எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனாள். கால் கழுவப் படியில் இறங்கியிருக்கிறாள். மேலே நின்ற இவன் பார்க்காமல் மதகைத் திறந்துவிட்டான். மூன்றாம் நாள் கால்வாயில் உடம்பு கிடைத்தது. தூக்கு கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவன் யாரோடும் பேசாமல் இருந்தான். என் கொட்டகைக்கு மட்டும் வருவான். இரண்டு பேரும் ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் பேப்பரில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். மெட்ராசில் பொம்மைக் கம்பெனி ஒன்று புது மாதிரி ஆட்டம் யாராவது கண்டுபிடித்து அனுப்பினால் தயாரிப்போம் என்று போட்டிருந்தது.

"ஆடும் புலியும் எத்தினி நாளிக்கி மச்சான்? நாம்ப பூதம் வெச்சி ஒண்ணு பண்லாம்" என்றான்.

ரொம்ப நாள் கழித்து அவன் முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். அதற்காகவே சரி என்றேன்.

பழைய பல்பொடி விளம்பரத் தகரம் ஒன்று கிடந்தது. அதன் முதுகில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டேன். ஒரு பக்கம் ஐந்து ஆள். அது என் பக்கம். இன்னொரு பக்கம் மூன்று பூதம்; அது அவன் பக்கம். ஒருவன் ஒரு தடவை ஆடினால் அடுத்தவன் ஆடும் வரை பலகை அப்படியே காத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டம் நகரத்தான் தெரியும். ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை புது ஆள் ஒன்றை இறக்கலாம் என்று நான் ஒரு சட்டம் சேர்க்கச் சொன்னேன். பூதங்களுக்கு மட்டும் தனிச் சக்தி. முனி பக்கத்தில் வந்து கட்டுப் போட்டால் அந்த ஆள் என் மூன்று முறைக்கு அசையக் கூடாது. கொள்ளிவாய் எதிரில் நிற்கும் ஆளை எரித்துப் பலகையை விட்டு வெளியே அனுப்பும். மூன்றாவது பூதத்துக்கு என்ன சக்தி என்று இன்னும் யோசிக்கவில்லை என்றான். அவன் அப்போது பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

களிமண் மதகு வாயிலிருந்து எடுத்து வந்தான். பொம்மைகளை அவன் பிடித்தான், வர்ணம் நான் அடித்தேன். கண் வைக்கிற அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம் போல ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணாடி வாணாமா மச்சான்?" என்றான்.

"விளையாட்டுச் சாமானுக்கு இன்னாத்துக்குடா கண்ணாடி? கன்னுக்குட்டியும் புட்சினு வரட்டா?" என்று சிரித்தேன்.

ஆனால் கழுத்து சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் கடைசிப் புள்ளி விழுந்ததும் அது பாட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்தது.

எந்தப் பூதமாவது ரொம்ப ஜெயித்தால் எவனும் ஆள் பக்கம் உட்கார மாட்டான், அதனால் ஒவ்வொரு சக்தியையும் தனித்தனியாக ஆடிச் சோதிக்க வேண்டும் என்றான் பச்சமுத்து. அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு. அவன் பகல் சோற்றுக்குப் போகிற வழியில் உச்சிப் பொழுதில் வருவான், ஒரு முறை ஆடுவான், நோட்டில் எழுதுவான், போய்விடுவான். நான் வெயில் தாழ்ந்ததும் என் முறையை ஆடுவேன். ஒரு நாளைக்கு ஒரு முறை.

முதலில் முனியைச் சோதித்தோம். அது என் இரண்டாம் ஆளைக் கட்டியது. அதே நேரம் டவுன் பஸ் என் கொட்டகைக்கு எதிரில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். டிரைவர் இறங்கிப் பார்த்தார், மெக்கானிக் வந்து பார்த்தார், பத்துப் பேர் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் அங்குலம் நகரவில்லை. மூன்று நாள் நின்றது. என் மூன்றாவது முறையை ஆடி முடித்து கை கழுவினேன், யாரும் தொடாமலே எஞ்சின் உறுமியது. எதிரில் சைக்கிள் கடை சேட்டு, "பஸ்சுக்கே வெயிலு தாங்கலபா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று சாயங்காலமும் வந்திருந்த பச்சமுத்து மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்து கொள்ளிவாய். அது என் மூன்றாம் ஆளை எரித்தது. கால் மணி நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி வீட்டு வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. அடுப்பு இல்லை, பீடி இல்லை, ஒரு ஆள் இல்லை. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நெருப்பின் நிறமே தெரியவில்லை. போர் மட்டும் உள்ளிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. பாஞ்சாலி மண்ணை வாரித் தூற்றினாள்.

"உங்க பொம்மைங்களே ஊர கொளுத்துது போல" என்றாள் அம்முலு, இடுப்பில் குடத்தோடு. அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் வள்ளென்று விழுந்தேன்.

மறுநாள் பச்சமுத்து மூன்றாவது பூதத்தைக் கொண்டுவந்தான். ஈரம் காயாத பெண் பொம்மை. பெயர் ஏரிக்கன்னி என்றான். மண் உலரும் முன்னால் கண் வைக்க வேண்டும், ஏரிக்கரையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கே வா என்றான். எனக்கு வேலை இருந்தது. ஆனால் அவன் கேட்டு நான் மறுத்ததில்லை. கரையில் உட்கார்ந்து ஏரிக்கு முதுகு காட்டிக் கண் வைத்தேன். கழுத்து ஒதுங்கியது. எனக்குப் பின்னால் தண்ணீரில் மீன் துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஏரி அசையாமல் கிடந்தது.

அங்கிருந்து அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். பூதம் பக்கத்துக்கு ஒரு விழுந்த ஆள் வேண்டும், அதற்கும் கண் வைத்துவிடு என்று இன்னொரு பொம்மையைக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கினதும் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அவசரமாக வைத்தேன். இடது கண் ஒரு நூல் கீழே இறங்கிவிட்டது. கோணல் எனக்குப் பொறுக்காது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன் என்றேன்.

"வாணாம் மச்சான், போதும்" என்று பிடுங்கிக்கொண்டான்.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட தேவகி போட்டோ இருந்தது. பாவம், வேறு எங்கே மாட்டுவான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கன்னியின் சக்தியை அவன் நோட்டிலிருந்து படித்துக் காட்டினான். "கன்னி விழுந்த ஆள எழுப்புவா. அதுக்கு வெலையா, எதிராளி தன் மொற ஆடி முடிச்சதும், அவளுக்குக் கிட்டக்க நிக்கிற ஆள எட்துக்குவா. வெல பத்தலன்னா அடுத்த மொற இன்னொண்ணு எட்துக்குவா. வெல சரியா பூட்டா விழுந்த ஆளு எழுந்து நிக்கும், ஆட்டம் முடிஞ்சிது. கட்டு கிட்டு எல்லாம் அவுந்துரும்."

"வெல பத்திச்சா பத்தலயான்னு எப்டிடா தெரியும்?"

"தெரியும்" என்றான்.

அன்றைக்கு அவன் தன் முறையில், விழுந்த ஆளை எழுப்பச் சொல்லிக் கன்னியைப் பலகையில் இறக்கினான். நான் சாயங்காலம் ஏதோ ஒரு ஆளை நகர்த்தினேன். கன்னிக்குக் கிட்டே நின்றது என் முதலாம் ஆள். அதை எடுத்து வெளியே வைத்தேன். பொழுது சாய்வதற்குள் பாஞ்சாலி மறுபடி கத்தினாள். வேப்ப மரத்தில் கட்டியிருந்த அவளுடைய வெள்ளாட்டைக் காணோம். கயிறு இருந்தது, முடிச்சு இருந்தது, கழுத்தில் மாட்டியிருந்த வளையம் கூட அப்படியே இருந்தது. ஆடு மட்டும் இல்லை.

மறுநாள் காலையில் ஏரிக்கரை மேல் ஈரக்கால் தடம் இருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒற்றை ஆள் தடம், மெட்டி போட்ட கால். மதகுப் படியிலிருந்து ஏறி, கரை மேல் பத்து அடி வந்து நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை. வைகாசி வெயிலில் அது மத்தியானம் வரை காயவும் இல்லை.

அன்று சாயங்காலம் கன்னி என் இரண்டாம் ஆளை எடுத்துக்கொண்டாள். மறுநாள் டவுன் பஸ் வரவில்லை. அந்த வண்டியை ரூட்டிலிருந்தே எடுத்துவிட்டார்களாம், எங்கே அனுப்பினார்கள் என்று டிப்போவில் யாருக்கும் தெரியவில்லையாம். ஈரத் தடம் கரையிலிருந்து இறங்கி ரோட்டில் பாதி தூரம் வந்திருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து.

நான் பயந்துவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பொம்மைகளை ஒரு கோணியில் கட்டிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. உச்சிப் பொழுதில் பச்சமுத்து வந்தான். முனியை நகர்த்தி, இப்போது கன்னிக்குக் கிட்டே நின்ற என் ஐந்தாம் ஆள் பக்கத்தில் வைத்தான். "கட்டு" என்றான்.

உள்ளே பாத்திரம் விழுந்தது.

"யோவ்" என்று அம்முலு கூப்பிட்டாள். "இங்க வாய்யா. காலு வர மாட்டன்னுது."

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. என் கை விறைத்தது, அவ்வளவு சில்லென்று இருந்தது. சேட்டும் நானுமாக அவளைப் பெயர்த்து எடுத்துக் கட்டிலில் போட்டோம். முட்டிக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை என்றாள். கொட்டகைக்கு வந்தேன். பச்சமுத்து போயிருந்தான். நோட்டை மட்டும் விட்டுப் போயிருந்தான். நான் படிக்க வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறான்.

அவன் கையெழுத்து அழகாக இருக்கும். "கண் வைத்தபோது பார்த்தது" என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தான். முதலாம் ஆள், பாஞ்சாலி ஆடு. இரண்டாம் ஆள், டவுன் பஸ். மூன்றாம் ஆள், வைக்கோல் போர். நான்காம் ஆள், சேட்டு. ஐந்தாம் ஆள், அம்முலு. கன்னி, ஏரி. விழுந்த ஆள், தேவகி.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்தாம் ஆளுக்குக் கடைசிப் புள்ளி வைத்தபோது அம்முலு காபி எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் ஒதுங்கிக்கொண்டேன். என்னைப் பார்க்க வேண்டிய கண் அவளைப் பார்த்தது.

சைக்கிளை மிதித்து மதகடிக்குப் போனேன். அவன் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைந்தேன். இரண்டு, மூன்று அறை. வாங்கிக்கொண்டான்.

"ஏண்டா அவள?"

"ஆட்ட குடுத்துப் பாத்தேன். பஸ்ஸ குடுத்துப் பாத்தேன். ஈரக்காலுதான் வருது, அவ வரல. ஆளு கேக்குறா மச்சான். மிச்சம் கீறது ரெண்டு பேருதான். சேட்டுக்கு நாலு புள்ளைங்க கீது." பார்வையைத் தண்ணீர் பக்கம் திருப்பினான். "உங்களுக்குத்தான் புள்ளகுட்டி இல்லியே."

ஒன்பது வருஷத்தில் ஊர் சொன்னதெல்லாம் வேறு. இவன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு அறையக்கூடக் கை வரவில்லை.

"உன் கன்னிய ஒடச்சுடறேன்."

"அவ ஏரிய பாத்தவ. ஒட. கரை இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியாது, கீழ எத்தினி ஊரு கீதுன்னு உனுக்குத் தெரியும்."

"நான் ஆடுனாத்தான கன்னி அவள எடுப்பா? ஆடவே மாட்டேன். என் மொறயிலயே நிக்கட்டும்."

"நிக்கட்டும். ஆடாம மொற போவாது. மொற போவாம கட்டும் அவுராது" என்றான். சொல்லிவிட்டு அழுதான். "நான்தான் மச்சான் தொறந்தேன். என் கைதான். அவ சோறு எட்தாந்தா."

எனக்கு அவனைப் பார்த்து இரக்கம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும் விட ஆத்திரமாக இருந்தது.

இரண்டு நாள் ஆடாமல் இருந்தேன். ஆஸ்பத்திரியில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள், செங்கல்பட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டு முதல் நாள் முட்டியில் இருந்தது, மறுநாள் இடுப்புக்கு வந்தது. மூன்றாம் நாள் காலையில் அம்முலு, "மூச்சு வுட்றதுக்கு பாரமா கீதுய்யா" என்றாள். பயப்படுகிற மாதிரி சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். வீட்டு வாசலுக்கு நாலு அடி தள்ளி ஈரக்கால் தடம் வந்து நின்றிருந்தது. அதையும் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "அந்தப் பொண்ணு யாருய்யா, வெய்யில்ல நின்னுக்கினு கீது?" என்று கேட்டாள். நான் பார்த்தால் ரோடுதான் இருந்தது.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. சட்டத்தில் இருந்தது, நானே சேர்க்கச் சொன்ன சட்டம். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, நகர்த்துவதற்குப் பதிலாக ஆள் பக்கத்துக்காரன் புது ஆள் ஒன்றை எந்தக் கட்டத்திலும் இறக்கலாம். அம்முலுவின் ஆள் கன்னிக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றது. புது ஆளைக் கன்னிக்கு ஒட்டின கட்டத்தில் வைத்தால் கன்னி அதைத்தான் எடுப்பாள். கண் வைக்கும்போது நான் ஒதுங்காமல் இருந்தால் போதும்.

பச்சமுத்துவின் வீட்டு வாசலில் மிச்சக் களிமண் இருந்தது. ஒரு பிடி எடுத்து வந்து உருட்டினேன். மனசு ஒரு மாதிரி லேசாக இருந்தது. அம்முலுவிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசித்தேன். சொன்னால் விட மாட்டாள். அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

"இன்னாய்யா புச்சா?" என்றாள்.

உச்சிப் பொழுது. ரோட்டில் நாய்கூட இல்லை. சேட்டு கடையைச் சாத்திக்கொண்டு போயிருந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன், ரோட்டுக்கு முதுகு காட்டி. பொம்மையை இடது கையில் பிடித்தேன். வலது கண் வைத்தேன். இடது கண்ணுக்கு வட்டம் போட்டேன். பாருடா என்னை, நான்தான் முத்துகிருஷ்ணன், என்னைப் பாரு என்று வாய்விட்டே சொன்னேன். தூரிகையை நனைத்துப் புள்ளி வைத்தேன்.

கழுத்து சாய்ந்தது.

நான் சாய்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சாய்க்கவில்லை. இருபது வருஷமாகச் சாய்ந்த கழுத்து அது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினேன். பச்சமுத்து நின்றுகொண்டிருந்தான். நான் ஆடிவிட்டேனா என்று பார்க்க வந்திருக்கிறான்.

அவன் பொம்மையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவன், அவனுக்கு விளக்கத் தேவையில்லை.

"மச்சான்" என்றான். "இன்னொண்ணு பண்ணு. மண்ணு கீது, நான் எட்தாரேன். இது கணக்குல வாணாம்."

நான் பொம்மையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அவ வர்றப்போ நான் இருக்கணும்டா. அதுக்குத்தான இம்மாம் பாடு. அவள ஒரு தபா பாத்து, நான்தான் தொறந்தேன்னு சொல்லணும். அப்பால என்ன எட்துக்கட்டும்."

இன்னொன்று பண்ணியிருக்கலாம். அவன் வாசலில் இன்னும் மண் கிடந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அதையாவது முயன்றிருக்கலாம். சாகத் தயாராக உட்கார்ந்தவன் நான். ஆனால் கழுத்து சாய்ந்ததும் உயிர் உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, அதை மறுபடி எழுப்பி வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளேயிருந்து அம்முலு, "கொஞ்சம் தண்ணி குடுய்யா" என்றாள், பாதிக் குரலில். அவளுக்காகத்தான் வைத்தேன் என்று பல பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

புது ஆளைக் கன்னிக்கு ஒட்டின கட்டத்தில் வைத்தேன்.

பச்சமுத்து ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைப் பிரித்து, தேதி போட்டு ஏதோ எழுதினான். சைக்கிளில் ஏறி ஏரிக்கரைப் பக்கம் போனான். வெயிலில் அவன் நிழல் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டு போவதைத் திருப்பம் வரை பார்த்தேன். நான் புது ஆளைப் பலகையை விட்டு எடுத்து வெளியே வைத்தேன். விழுந்த ஆளை எழுப்பிக் கட்டத்தில் நிறுத்தினேன். அதன் இடது கண் ஒரு நூல் கீழே இருந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அம்முலு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "மரத்துப் போன காலு வுட்டுச்சிய்யா" என்று சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதது அன்றுதான். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பச்சமுத்துவைத் தேடிப் போனவர்கள் மதகடியில் அவன் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்பதைப் பார்த்தார்கள். செருப்பு பெடலுக்குக் கீழே ஜோடியாக இருந்தது. ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஆட்டைப் போலவே, அவனும் எங்கும் இல்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். "கன்னி, கடைசிச் சோதனை. விலை: ப. மு." என்று எழுதி, பலன் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

மறுநாள் உச்சிப் பொழுது. அம்முலு கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு அரிசிக் கடை போர்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

தேவகி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்திக் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை, தலையிலிருந்து காலுக்குத் தண்ணீர் வடிந்தது. கையில் சோற்றுத் தூக்கு. மூடி திறக்காமல் இருந்தது. அதன் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உங்க கூட்டாளி இங்க வந்தாரா?" என்றாள். "மதகாண்ட போனேன். சைக்கிளு மட்டும் கைல தட்டுப்பட்டுது, ஆளக் காணோம். சோறு ஆறிப் பூடும்."

குரல் அவளுடையதுதான். கையில் பழைய தழும்பு அவளுடையதுதான். கண்கள் மட்டும் மூடியே இருந்தன, தூக்கத்தில் நடந்து வந்தவள் போல. அவள் நான் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். இமை இரண்டும் மெல்லப் பிரிந்தன. இடது கண் ஒரு நூல் கீழே இருந்தது, நான் வைத்தது.

என் கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் அம்முலு துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.